மின்னொழுக்கு

"மின்னொழுக்கு" என்பது ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளிலே நாம் அடிக்கடி காணும் சொல். கடையொன்று எரிந்தாலும், வீடொன்று எரிந்தாலும், தோட்டத்து லயமொன்று எரிந்து அங்கு வாழ்ந்த குடும்பங்கள் உடுத்த துணியோடு கோவில் மண்டபத்திலே தஞ்சமடைந்தாலும், செய்தியின் இறுதி வரியில் இச்சொல் வந்து நிற்கும். மின்னொழுக்கே காரணமாயிருக்கலாம் என்று எழுதியாகிவிட்டால் செய்தி முடிந்துவிடும். வாசகரின் விசாரணையும் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். இடி விழுந்தது, வெள்ளம் வந்தது என்பதைப் போல மின்னொழுக்கும் இயற்கையின் சீற்றங்களுள் ஒன்றாக நமது மனத்தில் இடம்பெற்றுவிட்டது.

தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இச்சொல்லின்மீது ஒரு தனிப் பரிவு உண்டு. ஒழுக்கு என்பது "ஒழுகு" என்னும் அடியிலிருந்து பிறந்தது. கூரை ஒழுகுதலும் அதுவே. நெறிப்படி ஒழுகுதலும் அதுவே. ஒழுக்கம் என்னும் உயர்ந்த சொல்லும் ஒழுக்கு என்னும் எளிய சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் கூரை ஒழுகினால் தகரத்தில் எங்கே ஓட்டை என்று தேடுகின்றோம். மின்சாரம் ஒழுகினால் மட்டும் விதியென்று விட்டுவிடுகின்றோம். தேடினால் கண்டுபிடிக்கலாம் என்பதையும், அவ்வாறு தேடுதல் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் உரிய வித்தை அன்று என்பதையும் அண்மையில் எமது வீட்டுப் பொறியொன்று எமக்குக் கற்பித்தது. அதனை ஆசிரிய நண்பர்களோடும் மாணவ நண்பர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் ஆசிரியத் தொழில் புரிவது ஹற்றனுக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றில். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற் பருவக்காற்று அவ்வூரை மழைக்குள் ஆழ்த்திவிடும். காலையிற் கொடியிலிட்ட துணி மாலையிலும் கனத்து நிற்கும். எமது துணைவியார் அரசாங்க வைத்தியசாலையொன்றிலே தாதியாகக் கடமை புரிபவர். ஈரம் காயாது நாற்றமெடுத்த சீருடையோடு நோயாளியின் அருகே நிற்றல் இயலாது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. எனவே, கொழும்புக்கு மாற்றலாகிச் சென்ற உத்தியோகத்தர் ஒருவரிடமிருந்து, அவர் பாவித்த துணி உலர்த்தும் பொறியை வாங்கினோம். மத்தியதர வர்க்கத்து ஆசை என்று நண்பர்கள் சிலர் நகைக்கலாம். ஆயினும், தொழிலுக்கும் போய் வீட்டையும் சுமக்கும் பெண்ணொருத்தியின் சுமையை இறக்கும் எப்பொறியும் ஆடம்பரமாகாது என்பதே எமது கருத்து.

மலையகத்திலே "ட்ரையர்" என்ற சொல் யாவர்க்கும் பழக்கமானது. ஆனால் அது துணி உலர்த்துவதன்று, தேயிலை உலர்த்துவது. வாட்டி, அரைத்து, புளிக்கவைத்த கொழுந்தை வெப்பக் காற்றிலே செலுத்தி, நூற்றுக்கு மூன்று பங்களவான ஈரமே எஞ்சும்படி உலர்த்தும் பெரும்பொறி அது. பெல்ஃபாஸ்ற் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் என்பார் "சிரோக்கோ" என்னும் பெயரிலே இத்தகைய பொறிகளை ஆக்கி விற்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிலாகும். கொழுந்தின் ஈரம் முதலாளிக்கு நட்டம். ஆகவே அதனை உலர்த்தப் பொறி வந்தது. கொழுந்து பறித்தவளின் சேலையிலுள்ள ஈரம் முதலாளிக்கு நட்டமன்று. ஆகவே அது இன்றும் லயத்து அடுப்புக்கு மேலே, புகைக்குள்ளே, கயிற்றில் தொங்குகின்றது. நாமும் லயத்துக் காம்பரா ஒன்றிலே பிறந்து, புகை மணக்கும் சட்டையோடு பள்ளிக்கூடம் சென்றவரே. இவ்வூரில் வீட்டுக்குள் ஒரு ட்ரையரை வைத்துக்கொண்டு அவ்வேறுபாட்டை மறந்துவிட எம்மால் இயலாது.

பொறி ஆறு மாத காலம் குறைவின்றி உழைத்தது. பின்னர் ஒரு நாள், அதனை இயக்கிய சில நிமிடங்களில் வீடு முழுவதும் இருண்டது. ஆளிப் பெட்டியைத் திறந்தபோது டிரிப் சுவிச் விழுந்து கிடந்தது. பொறியின் செருகியைக் கழற்றிவிட்டுச் சுவிச்சை மேலே தள்ளினோம், விளக்குகள் எரிந்தன. பொறியை மீண்டும் இயக்கினோம். மீண்டும் சில நிமிடங்கள், மீண்டும் இருள்.

இத்தகைய வேளையில் நமது ஊர்களிலே ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. எமக்கு மூன்று ஆலோசனைகள் கிடைத்தன. பொறி அதிக மின்சாரத்தை இழுப்பதால் சுவிச் விழுகின்றது, பெரிய சுவிச்சாகப் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். பொறியின் புவிக்கம்பியை வெட்டிவிட்டால் சுவிச் விழாது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் வீட்டுச் சொந்தக்காரர், நல்ல மனிதர், உதவும் நோக்கோடு வந்தவர். "சேர், இந்தச் சுவிச்ச எடுத்துட்டு நேரா குடுத்திருவோம். நம்ம வீட்லயும் அப்பிடித்தான். ஒரு தொல்லையும் இல்ல," என்றார்.

நாம் இம்மூன்றுக்கும் இணங்கவில்லை. ஏன் இணங்கவில்லை என்பதை விளக்குவதற்கு, அச்சுவிச் யாது செய்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

டிரிப் சுவிச்சின் முகத்திலே இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எமது வீட்டுச் சுவிச்சில் 40 அம்பியர் என்றும், 30 மில்லி அம்பியர் என்றும் இருந்தன. முன்னது, அது தாங்கக்கூடிய மின்னோட்டம். பின்னது, அது பொறுத்துக்கொள்ளாத ஒழுக்கு. உயிர்க்கம்பி வழியே பொறிக்குள் செல்லும் மின்னோட்டம் முழுவதும் நொதுமற் கம்பி வழியே திரும்பி வருதல் வேண்டும். இவ்விரு கம்பிகளும் சுவிச்சினுள்ளே ஓர் இரும்பு வளையத்தினூடாகச் செல்கின்றன. போனதும் வந்ததும் சமமாயின் அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வளையம் அமைதியாக இருக்கின்றது. திரும்பி வருவதிற் சிறிதேனும் குறைந்தால், குறைந்த பங்கு வேறெங்கோ, பெரும்பாலும் புவிக்குள், ஒழுகுகின்றது என்பது பொருள். அப்போது வளையத்தைச் சுற்றிய கம்பிச்சுருளிலே மின் பிறந்து சுவிச்சை விழுத்துகின்றது. கணக்குப் பிள்ளையின் பேரேடு போன்றதே இது. வரவும் செலவும் ஒவ்வாவிடில் கடை மூடப்படும்.

எமது பொறி 2,300 வாற்று வலுவுடையது. 230 வோல்ற்று அழுத்தத்தில் அது 10 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். அதனை 40 அம்பியர்ச் சுவிச் எளிதில் தாங்கும். அன்றியும், மிகைச் சுமையைக் கண்டு விழுவதற்கெனப் பெட்டிக்குள் சிறு சுற்றுடைப்பான்கள் வேறாக உள்ளன, அவை விழவில்லை. டிரிப் சுவிச் கவனிப்பது அந்த 10 அம்பியரை அன்று. அதில் முந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான 30 மில்லி அம்பியரையே. எனவே, 63 அம்பியர்ச் சுவிச்சை வாங்கிப் பூட்டினாலும் ஒழுக்கின் எல்லை 30 மில்லி அம்பியராகவே இருக்குமாயின் அதுவும் அவ்வாறே விழும். முதலாவது ஆலோசனை இவ்வாறு தள்ளுண்டது.

இரண்டாவது ஆலோசனை அறியாமையோடு ஆபத்தையும் சேர்த்தது. புவிக்கம்பி உள்ளவரை, பொறியின் உலோக உடலுக்கு வந்துசேரும் மின் அக்கம்பி வழியே புவிக்கு ஓடிவிடும். சுவிச் உடனே விழும். கம்பியை வெட்டிவிட்டால் மின் ஓட வழியின்றி உடலிலேயே தங்கி நிற்கும். சுவிச் விழாது, பொறி அமைதியாகச் சுழலும். ஈரக் கையோடு அதன் கதவைத் திறப்பவர் எவரோ, அவரது உடலே வெட்டப்பட்ட கம்பியின் வேலையை ஏற்றுக்கொள்ளும். அப்போது டிரிப் சுவிச் இருந்தால் அவர் அதிர்ச்சியோடு தப்பலாம். மூன்றாவது ஆலோசனைப்படி அதனையும் அகற்றியிருந்தால் தப்ப வழியே இல்லை. இவ்விரண்டு ஆலோசனைகளும் குற்றத்தைத் திருத்தும் வழிகள் அல்ல. குற்றத்துக்குச் சாட்சி சொல்பவனை ஊரைவிட்டுத் துரத்தும் வழிகள்.

ஆகவே ஒழுக்கு எங்கே என்று தேடத் தொடங்கினோம். தேடுதலின் முதல் விதி, பிரித்துப் பார்த்தலாகும். வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டி, கணினி, தொலைக்காட்சி முதலிய ஒவ்வொன்றும் மிகச் சிறிதளவு ஒழுக்கை உடையவையே. அவை தனித்தனியே தீங்கற்றவை. ஆனால் எல்லாம் கூடினால் சுவிச்சை விழும் நிலைக்கு அருகே கொண்டுவந்துவிடும். 30 மில்லி அம்பியர் என்று பொறிக்கப்பட்ட சுவிச், அதன் அரைவாசியாகிய 15ஐத் தாண்டியதுமே விழக்கூடும். ஆதலால் எல்லாச் செருகிகளையும் கழற்றினோம். ஆளியை அணைத்தல் மட்டும் இங்கே போதாது. ஆளி துண்டிப்பது பெரும்பாலும் உயிர்க்கம்பியை மட்டுமே. நொதுமற் கம்பி புவியோடு தொடுகையுற்றிருந்தாலும் சுவிச் விழக்கூடும். செருகியைப் பிடுங்கினால் மாத்திரமே பிரிவு முழுமையாகும்.

பின்னர் ட்ரையரை மட்டும் இணைத்தோம்; சுவிச் விழுந்தது. அதனை வேறொரு குதையில் இணைத்தோம், விழுந்தது. முதற் குதையில் மின்கேத்தலை இணைத்து நீரைக் கொதிக்கவைத்தோம், விழவில்லை. எனவே குற்றம் வீட்டு மின்சுற்றிலன்று, பொறிக்குள்ளேதான் என்பது உறுதியாயிற்று.

அடுத்தது, எப்போது விழுகின்றது என்னும் வினா. செருகியதுமே விழுமாயின் வடத்தையோ, உள்ளே மின் நுழையும் வாயிலிலுள்ள வடிகட்டியையோ ஐயுறலாம். உருளை சுழலத் தொடங்கியதும் விழுமாயின் மோட்டரையோ, சுழற்சியில் உராய்ந்து தோல் உரிந்த கம்பியையோ ஐயுறலாம். வெப்பம் ஏறும்போது விழுமாயின் வெப்பமாக்கும் சுருளை ஐயுறலாம். எமது பொறியில், வெப்பமின்றிக் குளிர்காற்றை மட்டும் செலுத்தும் ஏற்பாடொன்று இருந்தது. அவ்வேற்பாட்டில் அரை மணி நேரம் ஓடியும் சுவிச் விழவில்லை. வெப்பத்தைச் சேர்த்தோம், ஏழாவது நிமிடத்தில் வீடு இருண்டது.

இந்த எல்லைவரை எவரும் செல்லலாம். பொறியின் மூடியைத் திறக்க வேண்டியதில்லை, எவ்வுயிருக்கும் ஆபத்தில்லை. இதற்கு அப்பால் தொழில் அறிந்தவரின் கை வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையொன்றிலே முப்பது ஆண்டுகள் மின் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். ஊரில் அவரை எல்லோரும் "கரண்ட் அண்ணன்" என்றே அழைப்பர். அவர் பொறியைத் தொடுவதற்கு முன் ஆளிப் பெட்டியைப் பார்த்தார், பார்த்துச் சிரித்தார்.

"சேர், சுவிச்சு விழுதுன்னா அது வேல செய்யுது. விழாட்டித்தான் நாம பயப்படணும்," என்றார்.

செருகியைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்து, வெப்பச் சுருளின் முனைக்கும் பொறியின் உலோக உடலுக்கும் இடையிலுள்ள தடையைச் சாதாரண மின்மானியால் அளந்தார். ஒழுக்கு எதுவும் தென்படவில்லை. அதனால் அவர் திருப்தியடையவில்லை. அம்மானியின் சிறு மின்கலம் கொடுக்கும் அழுத்தம் மிகச் சொற்பம். அதற்கு அடங்கியிருக்கும் குற்றம் 230 வோல்ற்றுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்ற நியதியில்லை. தம் பையிலிருந்து "மெகர்" எனத் தொழிலாளர் வழங்கும் கருவியை எடுத்தார். அது 500 வோல்ற்று நேரோட்ட அழுத்தத்தைச் செலுத்திக் காவலியின் உறுதியைச் சோதிப்பது. வீட்டு மின்சுற்றுக்களில் இச்சோதனையின்போது குறைந்தது 1 மெகா ஓம் தடையேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. அக்கருவியும் குற்றமில்லை என்றே காட்டியது.

நாம் சோர்ந்தோம், அவர் சோரவில்லை. "சூடானப்புறம்தானே விழுது? அப்ப சூடா இருக்கையில பாக்கணும்," என்றார். மூடியைப் பூட்டிப் பொறியை இயக்கினார். சுவிச் விழுந்ததும் செருகியைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, வெப்பம் ஆறுவதற்குள் மீண்டும் அளந்தார். முள் ஏறக்குறையச் சுழியத்துக்கு வந்து நின்றது. குளிர்ந்தபோது குற்றமற்றிருந்த சுருள், காய்ந்தபோது குற்றமுடையதாய் இருந்தது!

காரணம் சிறிது நேரத்தில் வெளிப்பட்டது. துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் துகளை மறிக்கும் வலையை எம் வீட்டார் நாள்தோறும் துப்புரவு செய்து வந்தனர். ஆயினும் அவ்வலையைத் தாண்டிச் சென்ற நுண்துகள், முன்னைய சொந்தக்காரரின் காலத்திலிருந்தே உட்குழாயில் ஆண்டுக்கணக்கிற் படிந்து, காற்றின் வழியைக் குறுக்கியிருந்தது. காற்றுக் குறையவே சுருள் அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தது. அதனைத் தாங்கி நின்ற பீங்கான் தாங்கிகளுள் ஒன்று வெடித்தது. தாங்கியிழந்த சுருள், குளிர்ந்திருக்கையில் உடலைத் தொடாமல் நின்றது. காய்ந்து நீண்டு தொய்கையில் உலோகக் கூட்டைத் தொட்டது. அத்தொடுகையையே சுவிச் எமக்கு அறிவித்தது. படிந்த துகளைப் பெரியவர் கைநிறைய அள்ளி எடுத்துக் காட்டினார். சிவந்து காயும் சுருளுக்குப் பக்கத்திலே இருந்த அப்பஞ்சு தீப்பற்றுவதற்கு இன்னும் எத்தனை நாட்கள் தேவைப்பட்டிருக்கும் என்று நாம் அவரைக் கேட்கவில்லை.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலண்டன் மாநகரின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியிலே மாடிக் குடியிருப்பொன்று தீப்பற்றியது. அத்தீ துணி உலர்த்தும் பொறியொன்றிலே தொடங்கியது என்று அந்நகரத்துத் தீயணைப்புப் படையினர் ஆராய்ந்து கண்டனர். அவ்வகைப் பொறிகளிலே பஞ்சுத் துகள் வெப்பச் சுருளின்மீது விழக்கூடும் என்ற குறை 2015ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் திருத்தப்படாது எஞ்சிய ஏறத்தாழ ஐந்து இலட்சம் பொறிகளைத் திரும்பப் பெறும் ஏற்பாடு 2019இலேதான் வந்தது. இடையிலே குரலெழுப்பியவர்கள் பலர். முதலாளித்துவ உலகில் இலாபத்துக்கும் உயிருக்கும் இடையிலான வழக்கு விரைவில் தீர்வதில்லை. எனினும், "மின்னொழுக்கு" என்ற ஒரு சொல்லோடு அங்கே விசாரணை முடியவில்லை. எந்தப் பொறி, எந்த உறுப்பு, எவ்வாறு பற்றியது என்ற வினாக்கள் கேட்கப்பட்டன, விடையும் கிடைத்தது. கேட்டதனாலேயே கிடைத்தது.

எம்மைக் காத்த சுவிச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது தொழிலாளர் சுரங்கத்திலே தொடங்குகின்றது. தென்னாபிரிக்கப் பொற்சுரங்கங்களில் மின்னாற் பெரும் ஆபத்து நிலவிய காலத்திலே, ஹென்றி ரூபின் என்னும் பொறியியலாளர் 1955இல் 250 மில்லி அம்பியர் ஒழுக்கைக் கண்டு சுற்றை உடைக்கும் கருவியை அமைத்தார். அதற்கு முன்பிருந்த கருவிகள் 10 அம்பியர் அளவுக்கு ஒழுகினாலேயே விழித்தெழுபவை. அதற்குள் மனிதன் பலமுறை இறந்திருப்பான். 1956இன் தொடக்கத்திலே, 12.5 முதல் 17.5 மில்லி அம்பியர் வரையான ஒழுக்கைக் கண்டுகொள்ளும் கருவியை அவரே ஆக்கினார். மனித உடல் தாங்கும் மின்னின் எல்லையைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துச் சாள்ஸ் டல்சியல் ஆராய்ந்து வரையறுத்திருந்தார். மின்கம்பியைப் பற்றிய கையைத் தானே விடுவித்துக்கொள்ளும் ஆற்றலைச் சராசரி ஆடவன் ஏறத்தாழ 16 மில்லி அம்பியருக்கு மேல் இழந்துவிடுகின்றான் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. ஸ்ரில்ஃபொன்ரெயின் என்னும் சுரங்கக் குடியிருப்பிலே வீட்டு மின்சாரம் தாக்கிப் பெண்ணொருத்தி இறந்த பின்னரே, 1957இலும் 1958இலும் அங்குள்ள சில நூறு வீடுகளில் இத்தகைய கருவிகள் பொருத்தப்பட்டன. நமது ஆளிப் பெட்டியில் விழுந்து எழும் அச்சிறு நெம்புக்குப் பின்னால் ஒரு பெண்ணின் சாவு இருக்கின்றது. இதனை அறிந்தவர் அதனைத் தொல்லை என்று கூறார்.

இவற்றையெல்லாம் நாம் வகுப்பிலே, கட்டுரைப் பயிற்சியின்போது, மாணவர்க்கு எடுத்துக் கூறினோம். ஒழுகு என்ற சொல்லிலே தொடங்கிச் சுவிச்சில் முடித்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், எங்க லயத்துல அந்தச் சுவிச்சு ஒருநாளும் விழுந்ததே இல்ல. அப்ப அது நல்ல சுவிச்சா, கெட்டுப்போன சுவிச்சா?"

அக்கேள்விக்கு வகுப்பறையிலிருந்து விடை கூற முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விஞ்ஞான ஆசிரியரான நண்பரையும் கரண்ட் அண்ணனையும் அழைத்துக்கொண்டு அந்த லயத்துக்குச் சென்றோம். டிரிப் சுவிச்சிலே "ரி" என்ற ஆங்கில எழுத்துடன் சிறு பொத்தானொன்று உண்டு. அதனை அழுத்தினால் சுவிச் தானே ஒரு சிறு ஒழுக்கை உண்டாக்கித் தன்னைச் சோதித்துக்கொள்ளும்; நன்னிலையில் இருப்பின் உடனே விழும். ஒவ்வொரு காம்பராவிலும் அப்பொத்தானை அழுத்திப் பார்த்தோம். சிலவற்றிற் சுவிச் விழுந்தது. சிலவற்றில் எத்துணை அழுத்தியும் அசையவில்லை, உள்ளே இறுகிப்போயிருந்தது. ஒரு காம்பராவிலே சுவிச் இருந்தது, ஆனால் கம்பி அதனூடாகச் செல்லாமல் பக்கத்தாற் சென்றது. வேறு சிலவற்றிலே இணைப்பே இல்லை. அடுத்த காம்பராவிலிருந்து சுவருக்கு மேலாக ஒரு மெல்லிய கம்பி வந்து, ஒரு விளக்கையும் ஒரு தொலைக்காட்சியையும் இயக்கியது. புவிக்கம்பி என்பது அதிலே இல்லை. ஒரே கூரையும் ஒரே மரச்சட்டமும் எல்லாக் காம்பராக்களையும் இணைத்து நின்றன. ஒன்றிலே பற்றும் தீ மற்றவற்றுக்கு நடந்து செல்ல வேண்டியதில்லை.

மாணவியின் காம்பராவிலிருந்த சுவிச் இறுகிப்போனவற்றுள் ஒன்று. அவளது தாய், "நல்ல சுவிச்சுன்னு நெனச்சோம் சேர், ஒரு தொல்லையும் குடுக்கல," என்றார். அச்சொற்கள் எம்மை வருத்தின. எமது வீட்டுச் சொந்தக்காரர் படித்தவர், வசதியுள்ளவர். தாமே சுவிச்சை அகற்றிவிட்டுத் தொல்லையில்லை என்றார். இத்தாய்க்கு அவ்வாறு தேர்ந்துகொள்ளும் வாய்ப்பே இருந்ததில்லை. இவர் கைக்கு வந்தது சாட்சி சொல்ல இயலாத சுவிச்.

இவ்வாறு கூறும்போது இம்மலைகளின் இன்னொரு வரலாறும் நினைவில் எழுகின்றது. நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918இலே ஆதாரங்களோடு எடுத்துக்காட்டினார். லக்சபான மின்நிலையம் 1950இலே இயங்கத் தொடங்கியது. காசல்ரீ நீர்த்தேக்கம் தேயிலைப் பள்ளத்தாக்கிலே விரிந்தது. நீரும் மலையும் இங்கே. விளக்கு எரிந்தது கொழும்பிலே. உயர் அழுத்தக் கம்பிகள் லயங்களின் தலைக்கு மேலாகச் சென்றன. அவற்றின் கீழே நெடுங்காலம் எரிந்தது குப்பி விளக்கு. பின்னர் மின்சாரம் லயத்துக்குள்ளும் வந்தபோது நாம் பள்ளிச் சிறுவர், ஊரே கொண்டாடியது. மின்சாரம் வந்தது, மின்சாரத்திலிருந்து காக்கும் ஏற்பாடு பல இடங்களில் முழுமையாக வரவில்லை. உரிமையொன்றைப் பாதியாகக் கொடுத்தல் சில வேளைகளிலே கொடாமையினும் ஆபத்தானது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னர், பழுதான சுவிச்சுக்களுட் சிலவற்றை லயத்தவர் தாமே பணம் சேர்த்து மாற்றினர். கரண்ட் அண்ணன் கூலி பெறாது பூட்டிக் கொடுத்தார். எஞ்சியவை பற்றியும், சுவருக்கு மேலாகச் செல்லும் கம்பிகள் பற்றியும், குடியிருப்பாளர் அனைவரும் ஒப்பமிட்ட மனுவொன்றை உரியவர்களுக்கு அனுப்பியுள்ளோம். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை எழுதுவதென்று தீர்மானித்திருக்கின்றோம். மனுவை எழுதியவர்கள் எமது மாணவர்களே. தமிழ்ப் பாடத்தின் பயன் யாது என்று கேட்போருக்கு அம்மனுவைக் காட்டலாம்.

இக்கட்டுரையை வாசிக்கும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் வேண்டுவது பெரிதன்று. உங்கள் வீட்டுச் சுவிச்சின் பொத்தானை இன்றே அழுத்திப் பாருங்கள். பின்னர் சில மாதங்களுக்கொரு முறையேனும் அழுத்துங்கள். விழாவிடில் அறிந்தவரை அழையுங்கள். விழுந்தால், அடுத்த வீட்டுக்குச் செல்லுங்கள். அங்கிருந்து லயத்துக்குச் செல்லுங்கள். அன்றியும், இனி ஒரு குடியிருப்பு எரிந்து, காரணம் மின்னொழுக்கு என்று வாசிக்கும்போது, தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். அங்கே சுவிச் இருந்ததா? இருந்தால் ஏன் விழவில்லை? புவிக்கம்பி இருந்ததா? கடைசியாக அதனைச் சோதித்தவர் யார், எந்த ஆண்டில்? சோதிக்க வேண்டிய பொறுப்பு எவருடையது? இவ்வைந்து வினாக்களையும் எழுதி, எரிந்த இடத்தின் பெயரையும் சேர்த்து, உரியவர்களுக்கு அனுப்புங்கள். ஒருவர் எழுதினால் அது கடிதம். நூறு பாடசாலைகளிலிருந்து எழுதினால் அதனை எவரும் மேசைக்குள் பூட்டிவைக்க இயலாது.